தூசிக்குப் பணியிட மாற்றம்

புகார் மேல் புகார் குவிந்த அதிகாரியை நம் அரசாங்கம் என்ன செய்யும்? வேறு ஊருக்கு மாற்றும். பழைய ஊர்க்காரர்கள் பட்டாசு வெடிப்பார்கள். புது ஊர்க்காரர்கள் மாலை போட்டு வரவேற்பார்கள். வந்தவரின் கைவரிசை இவர்களுக்குத் தெரியவர ஆறு மாதம் ஆகும். ஃபைலில் மட்டும் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று அன்றைக்கே எழுதிவிடுவார்கள்.

2011-இல் சென்னைத் துறைமுகத்துத் தூசிக்கு நடந்தது இதுதான்.

கறுப்பாக நிலக்கரித் தூசி. செம்மண் நிறத்தில் இரும்புத்தாதுத் தூசி. இரண்டும் பல பத்தாண்டுகள் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் விடுப்பே எடுக்காமல் பணியாற்றின. ஊருக்குள் வர அவற்றுக்கு அரசு வாகனம் தேவைப்படவில்லை. கடற்காற்று இருந்தது. மதியமானால் சென்னை முழுக்க ஏங்கிக் காத்திருக்குமே, அதே காற்று. தென்சென்னையில் கடற்காற்று வீசினால் வீட்டு வாடகை கூடும். வடசென்னையில் வீசினால் ஜன்னலைச் சாத்த வேண்டும். வெள்ளையாகக் காயப்போட்ட பள்ளிச் சட்டையைச் சாயங்காலம் கொடியிலிருந்து எடுத்து, ஒரு உதறு உதறி, மறுபடியும் வாளியிலேயே போட்ட தாய்மார்கள் எத்தனை பேர். துறைமுகம் ஆண்டறிக்கையில் எத்தனை டன் இறக்கினோம் என்று போட்டது. அதில் எத்தனை கிலோ மொட்டை மாடியில் இறங்கியது என்று இவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை.

காற்றடிக்கும் தூரத்தில்தான் உயர் நீதிமன்றம். தூசிக்கு நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் தெரியாது.

2011 மே மாதம் அந்த நீதிமன்றத்திலிருந்து உத்தரவு வந்தது. அக்டோபர் 1 முதல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளக் கூடாது; எண்ணூருக்குப் போகட்டும். துறைமுகத் தரப்பு உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது. தடை நீடித்தது. ராயபுரம் மூச்சு விட்டது. அந்த மூச்சு நியாயமானது. அதில் குறை சொல்பவன் மனிதனில்லை.

ஆனால் தூசி ஒழியவில்லை. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வடக்கே போய்ப் பணியில் சேர்ந்தது. ஏன் எண்ணூர்? அங்கே ஏற்கெனவே அனல் மின் நிலையம் இருக்கிறது, உர ஆலை இருக்கிறது, பக்கத்தில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. தெருமுனையில் யாரோ முதல் குப்பையைப் போட்ட இடத்தில்தான் ஊரே குப்பை போடும். நம் தொழில் திட்டமிடலின் மொத்தத் தத்துவமும் அந்தத் தெருமுனையில் கற்றதுதான்.

தூசி பறக்காமல் நிலக்கரி இறக்க முடியாதா என்ற எளிய கேள்வியை மட்டும் யாரும் அன்று அவசரமாகக் கேட்கவில்லை. மாற்றல் உத்தரவு இருக்கும்போது கேள்வி எதற்கு?

ஒரு கரிக்கப்பல் பழைய முறையில் எப்படிக் காலியாகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஹாட்ச் திறக்கும். கிரேனில் தொங்கும் கிராப் இரண்டு தாடைகளையும் விரித்துக்கொண்டு உள்ளே இறங்கும். ஒரு வாய் அள்ளும். தாடை தேய்ந்திருந்தால் சரியாக மூடாது. ஒழுகும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீரின் மேல் கறுப்புக் கோடு போட்டுக்கொண்டே வரும். ஹாப்பருக்கு நேர் மேலே வந்ததும், கிரேன் ஓட்டுபவருக்கு அவசரமென்றால், நாலைந்து ஆள் உயரத்திலேயே வாயைப் பிளக்கும். மேகம் பிறப்பது அங்கேதான். ஹாப்பருக்குக் கீழே டிப்பர். டிப்பரின் மேல் தார்ப்பாய், இருந்தால். போகிற வழியெல்லாம் கரி சிந்தும். சிந்திய கரியை அடுத்த டிப்பரின் டயர் மாவாக அரைக்கும். மாவு காற்றில் ஏறும். கடைசியில், கிராப்புக்கு எட்டாத மூலைகளைச் சுரண்டப் பே லோடரை உள்ளே இறக்குவார்கள். அதற்கும் எட்டாததை மண்வெட்டியோடு மனிதர்கள் இறங்கிக் கூட்டுவார்கள். அவர்கள் முகத்தில் கட்டியிருக்கும் பாதுகாப்புக் கருவியின் பெயர் கைக்குட்டை.

இதற்கு மாற்று இருக்கிறது. குழாய்க்குள் திருகு சுழன்று சுழன்று கரியை மேலே ஏற்றும் மூடிய இயந்திரம் இருக்கிறது. சரக்கு வெளிக்காற்றைப் பார்க்காமலே பெல்ட்டில் போய் விழும். பெல்ட்டையே குழாயாகச் சுருட்டி ஓடவிடும் பைப் கன்வேயர் இருக்கிறது. கிராப்பை விட மனமில்லை என்றால், எழும் தூசியை உள்ளேயே இழுத்து வடிகட்டும் ஹாப்பர் இருக்கிறது. வெட்டவெளிக் குவியலுக்குப் பதில் கூரை போட்ட கிடங்கு இருக்கிறது. ரயில் வேகனில் எடை பார்த்து நேரே நிரப்பும் சைலோ இருக்கிறது. லாரிச் சக்கரத்தைக் கழுவி அனுப்பும் தொட்டிகூட இருக்கிறது. ஒன்றும் நேற்றுப் பிறந்ததல்ல. உலகத் துறைமுகங்களில் பல பத்தாண்டுகளாக ஓடுகின்றன. இங்கேயும் சிலவற்றை வாங்கியிருக்கிறார்கள். எண்ணூரிலேயே கப்பலிலிருந்து மின் நிலையத்துக்கு நேரே பெல்ட் போகிறது. கருவியே இல்லாத காட்டுமிராண்டி நாடு அல்ல நாம். எதை முதலில் வாங்குகிறோம், எதைக் கடைசிக்குத் தள்ளுகிறோம் என்பதில்தான் நம் நாகரிகம் தெரிகிறது.

முதலில் வாங்குவது வேகம். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை டன் என்று திறப்பு விழாப் பலகையில் போடலாம். அமைச்சர் பொத்தானை அழுத்தலாம். கிரேன் அசையும், படம் எடுக்கலாம். தூசி வராததை எப்படிப் படம் எடுப்பது? அதனால் சுத்தம் கடைசி. பட்ஜெட்டைக் கத்தரிக்கும்போது அது முதல். கிரேன் இந்த ஆண்டே வரும். மூடிய ஹாப்பரும் கூரையும் 'இரண்டாம் கட்டத்தில்' வரும். இந்திய நிர்வாகத்தில் இரண்டாம் கட்டம் என்பது கடவுள் மாதிரி. எல்லோரும் நம்புகிறார்கள். பார்த்தவர் ஒருவருமில்லை.

அதற்கு முன்னால் ஓர் ஆய்வுப் பயணம் உண்டு. தூசியில்லாத துறைமுகம் எப்படி இருக்கும் என்று வெளிநாடு போய்ப் பார்த்து வருவது. தூசி உள்ள துறைமுகம் எப்படி இருக்கும் என்று பார்க்க, ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் போதும். அதற்குப் படி கிடையாது. ஆகவே ஜன்னலைத் திறப்பதில்லை. ஏசி வேறு ஓடுகிறது.

இரண்டாம் கட்டம் வருகிறவரை தண்ணீர் தெளிப்பான். ஆய்வுக் குழு வருகிற அன்று தவறாமல் மழை பெய்யும் அதிசயக் கருவி. ஜீப் கேட்டைத் தாண்டியதும் வானம் வெளுத்துவிடும். உங்கள் ஊர்த் தொழிற்சாலையிலும் இதே பருவமழை பெய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜூன் 5 அன்று மரக்கன்று நடுவார்கள். நட்டவர்கள் போனபின் அதற்குத் தண்ணீர் ஊற்ற ஆளிருக்காது. இலையில் கரி பூச மட்டும் காற்று நேரம் தவறாமல் வரும்.

எண்ணூர்த் துறைமுகம் திறந்தது 2001-இல். நாட்டின் 12-ஆவது பெருந்துறைமுகம். கட்டியதே வடசென்னை அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கத்தான். 2014-இல் காமராஜர் பெயரை வைத்தார்கள். பள்ளிக்கூடம் திறந்து, சோறு போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவரின் பெயரில் கரி இறங்குகிறது. அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்ஹேலரோடு பள்ளிக்குப் போகிறார்கள்.

அதே 2001-இல் 'சிட்டிசன்' படம் வந்தது. அத்திப்பட்டி என்ற மீனவக் கிராமமே வரைபடத்திலிருந்து காணாமல் போகும் கதை. அத்திப்பட்டு என்று நிஜமாகவே ஓர் ஊர் எண்ணூருக்குப் பக்கத்தில், அந்த மின் நிலையத்தின் ஓரத்தில் இருக்கிறது. படத்தில் ஓர் ஊரை ஒழிக்க வில்லன் கூட்டமே தேவைப்பட்டது. நிஜத்தில் ஒரு திட்ட அறிக்கை போதும்.

கரி எரிந்தால் சாம்பல். சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்பினார்கள். குழாய் ஒழுகியது. அடைத்தார்கள். மறுபடி ஒழுகியது. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, கையாலேயே துழாவி இறால் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். விரலிடுக்கில் இறால் வந்த இடத்தில் இன்று வருவது வழவழவென்ற சாம்பல் சேறு. இறால் விலை கேட்டால் சொல்வார்கள். சாம்பலுக்கு இன்னும் விலை நிர்ணயம் ஆகவில்லை.

வீணடிப்பதிலும் நமக்கு இணை கிடையாது. சென்னையில் தடை வந்த காலத்திலேயே எண்ணூரில் ஓர் இரும்புத்தாது முனையம் தயாராகி நின்றது. பல நூறு கோடி. முழுக்க இயந்திரமயம். ஒரே ஒரு குறைதான். தாது இல்லை. 2010-இல் கர்நாடகம் தாது ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 2011-இல் பெல்லாரிச் சுரங்கங்களை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. மலையையே வெட்டி விற்றவர்களின் கதை வேறு. இங்கே முனையம் ஆண்டுக்கணக்கில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு எவனோ ஒரு மேதைக்கு யோசனை உதித்தது. அதையும் நிலக்கரிக்கு மாற்றினார்கள். எண்ணூர் விஷயத்தில் கேள்வி எதுவாக இருந்தாலும் பதில் கரிதான்.

எண்ணூரிலிருந்து புத்தம் புதுக் கார்களும் கப்பலேறுகின்றன. காரைத் துடைக்காமல் எந்த நாடும் வாங்காது. ஊரை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. அதனால் துடைக்கவில்லை.

இப்போது நிதானமாகக் கேட்க வேண்டிய செய்தி. 2020 மார்ச் மாதக் கடைசி. நாடே ஊரடங்கில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. அந்த அமைதியில், காமராஜர் துறைமுகத்தில் மத்திய அரசிடம் இருந்த 66.67 சதவீதப் பங்குகளை ₹2,383 கோடிக்கு ஒருவர் வாங்கினார். மீதி மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே அவரிடம் இருந்தது. யார் அவர்? சென்னைத் துறைமுகம்.

அரசின் வலது கை அரசின் இடது கைக்கு விற்று, அதைப் பங்கு விற்பனை வருமானம் என்று கணக்கில் வைத்தது. அதுகூடப் பழகிப்போன வித்தை. இதைப் பாருங்கள்: கரியோடு உள்ளே வராதே என்று வாசலில் நிறுத்தப்பட்டவர், கரி குடிபோன வீட்டையே வாங்கிவிட்டார். போன வருமானம் வேறு வாசல் வழியாக வீடு திரும்பிவிட்டது. தூசி மட்டும் எண்ணூரிலேயே பணி நிரந்தரம் பெற்றுவிட்டது.

2021 ஆகஸ்டில் இன்னொரு வேடிக்கை. வடசென்னை அனல் மின் நிலையத்தில் 2.38 லட்சம் டன் நிலக்கரி பதிவேட்டில் இருக்கிறது, தரையில் இல்லை என்று அன்றைய மின்துறை அமைச்சரே அறிவித்தார். மதிப்பு ₹85 கோடி. 70,000 டன் கொள்ளும் கப்பல்கள் என்றால் மூன்றுக்கும் மேல். கிணற்றைக் காணோம் என்று புகார் கொடுத்த வடிவேலுவைப் பார்த்துச் சிரித்தோம். அவர் ஒரே ஒரு கிணற்றைத்தான் தொலைத்தார்.

ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று சொல்ல இயந்திரம் இருக்கிறது. இறங்கியது இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்ல இயந்திரம் இல்லை போலிருக்கிறது. எண்ணூர்ப் பெண்களைக் கேட்டிருக்கலாம். தினமும் வாசலில் கூட்டி அள்ளுகிறவர்கள் அவர்கள்தான். ஆனால் கணக்கு இடிக்கிறது. எவ்வளவுதான் இழுத்து மூச்சு விட்டாலும் மூன்று கப்பல் கரியை நுரையீரலில் பதுக்க முடியாது. மிச்சத்துக்கு வேறு யாருடைய பையிலாவதுதான் இடம் இருந்திருக்க வேண்டும்.

கருவி மேம்பாட்டைப் பற்றிப் பேசும்போது வாளியை மறக்கக் கூடாது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்றது துறைமுகத்தின் முதல் அறிக்கை. கடலுக்கு அறிக்கை படிக்கும் பழக்கமில்லை. எண்ணெய் கரைக்கு வந்தது. எர்ணாவூர்ப் பாறைகளில் கட்டிக் கட்டியாக ஒட்டியது. மாணவர்களும் மீனவர்களும் கூலியாட்களும் வரிசையில் நின்று வாளி வாளியாக அள்ளினார்கள். ஆயிரக்கணக்கான டன்னைத் தூக்கும் இயந்திரங்கள் சுவருக்கு உள்ளே. பிளாஸ்டிக் வாளி சுவருக்கு வெளியே. உலகமே படம் பிடித்தது. இனி இப்படி நடக்காது என்றார்கள்.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து அதே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. இந்த முறை மீனவர்கள் தங்கள் படகிலிருந்து மக்கால் மொண்டார்கள். ஏறத்தாழ ஏழே ஆண்டில் வாளியிலிருந்து மக்குக்கு வந்துவிட்டோம். அடுத்த முறை கரண்டி தயாராக இருக்கட்டும்.

டெல்லி மட்டும் சும்மா இருக்குமா? 2023 மே மாதம் 'ஹரித் சாகர்' பசுமைத் துறைமுக வழிகாட்டுதல் வந்தது. 2030-க்குள் ஒரு டன் சரக்குக்கான கார்பன் வெளியீட்டை 30 சதவீதம் குறைக்க வேண்டும். 2047-க்குள் 70 சதவீதம். கைதட்டத் தோன்றுகிறதா? பொறுங்கள். குறைப்பு டன்னுக்குத்தான், ஊருக்கு அல்ல. டன்னுக்கு 30 சதவீதம் குறைத்துவிட்டுச் சரக்கை இரண்டு மடங்கு ஆக்குங்கள். மொத்த வெளியீடு 40 சதவீதம் கூடியிருக்கும். இலக்கும் எட்டியிருக்கும். மேடையேறி விருதை வாங்கிக்கொள்ளலாம். சரக்கு அப்படிக் கூடுமா என்று கேட்பவர்கள் எண்ணூருக்குப் பக்கத்துக் காட்டுப்பள்ளியைப் பார்க்கட்டும். அங்கே தீட்டிய விரிவாக்கத் திட்டம், ஆண்டுக்கு 2.46 கோடி டன் திறனை 32 கோடி டன்னாக்கச் சொல்கிறது. 13 மடங்கு. கருத்துக் கேட்புக் கூட்டம் 2021-இல் தள்ளிப்போனது, 2023-இல் மறுபடியும் தள்ளிப்போனது. மக்களின் கருத்து என்ன என்பது கூட்டம் போடாமலே தெரிந்துவிட்டது போல.

கரிக்கு எல்லை கிடையாது. காரைக்கால் துறைமுகத்துக் கரி பர்மிட் இல்லாமல் மாநில எல்லையைத் தாண்டுகிறது என்று நாகூர்க்காரர்கள் போராடினார்கள். கோவாவில் வாஸ்கோக்காரர்கள் போராடினார்கள். விசாகப்பட்டினத்தில் பழைய நகரத்துக்காரர்களுக்கும் இதே இருமல். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: தூசி அளவு அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருக்கிறது. வரம்பு என்ன? பிஎம்10 தூசி, 24 மணி நேரச் சராசரியாக, ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம் வரை போகலாம் என்கிறது இந்தியத் தரம். உலக சுகாதார நிறுவனம் 45-ஐத் தாண்டாதே என்கிறது. நம் நுரையீரலுக்குக் கையாளும் திறன் இரண்டு மடங்கு. துறைமுகத்தில் செய்ய முடியாத மேம்பாட்டை மூக்குக்குள் செய்து முடித்துவிட்டார்கள்.

கப்பல்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கப்பல் வந்து நின்று, 'இறக்கத் தயார்' என்று கேப்டன் நோட்டீஸ் கொடுத்துவிட்டால் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஒப்புக்கொண்ட நேரத்துக்குள் சரக்கு இறங்காவிட்டால் டெமரேஜ். நாளுக்கு இத்தனை ஆயிரம் டாலர் என்று எண்ணி வைத்தாக வேண்டும். வேகமான கிரேனுக்கு உடனே பணம் கிடைப்பதன் ரகசியம் இதுதான். காத்திருக்கும் இரும்புக்கு நாள் வாடகை உண்டு. இருமும் மனிதனுக்கு இல்லை.

சரி, அந்த வழக்கத்தையே எடுத்துக்கொள்வோம். எண்ணூர் மக்கள் நோட்டீஸ் கொடுத்தாயிற்று. மனுவாகக் கொடுத்தார்கள், மறியலாகக் கொடுத்தார்கள், வழக்காகவும் கொடுத்தார்கள். கடிகாரம் 2011 அக்டோபர் 1-இல் ஓடத் தொடங்கியதாக வைத்துக்கொள்வோம். கூரையில்லாத குவியல் ஒவ்வொன்றுக்கும் நாள் கட்டணம். மூடாத ஹாப்பருக்குத் தனிக் கட்டணம். தார்ப்பாய் போடாத டிப்பருக்கு நடைக் கட்டணம். கப்பல் ஒப்பந்தங்களில் ஞாயிறையும் விடுமுறையையும் கழிப்பதுண்டு. இதில் கழிக்க முடியாது. தூசி ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வருகிறது. டாலரில் வேண்டாம், ரூபாயிலேயே கட்டட்டும். பில்லை எண்ணூருக்கு அனுப்பி அலைய வேண்டியதில்லை. ராஜாஜி சாலையில் சென்னைத் துறைமுக அலுவலகத்திலேயே கொடுத்துவிடலாம். இரண்டுக்கும் வீட்டுக்காரர் இப்போது ஒருவர்தானே.